எண்ணூர் கழிமுகம்

எண்ணூர் கழிமுகம் என்பது தமிழ்நாட்டில், சென்னை மாநகரின் வட எல்லையில், கொசத்தலை ஆறு வங்காள விரிகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள உவர்நீர்க் கழிமுகமும் அதனைச் சூழ்ந்த ஈரநிலமும் ஆகும். இதன் தென்கரையில் எண்ணூர், கத்திவாக்கம் ஆகிய பகுதிகளும், வடக்கிலும் மேற்கிலும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் ஆகிய ஊர்களும் உள்ளன. ஆற்று நீர், கண்டல் காடு, சேற்றுவெளி, உப்பளம், மணல்மேடு ஆகியவை அடங்கிய இப்பரப்பில் 6,469 ஏக்கர் (சுமார் 2,618 எக்டேர்) நிலம் 1996 ஆம் ஆண்டில் கட்டுமானம் தடை செய்யப்பட்ட கடற்கரைப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. எனினும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், நிலக்கரிக் கிடங்குகள் ஆகியவற்றின் விரிவாக்கத்தால் இந்நிலம் தொடர்ந்து சுருங்கி வந்துள்ளது. எஞ்சிய பகுதியைக் கட்டடமின்றிக் காத்து, மீன்பிடிப்புக்கும் வெள்ள வடிகாலுக்கும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டு வருகிறது.

பெயர்

ஆறு கடலோடு கலக்கும் வாய்ப்பகுதி கழிமுகம் எனப்படும். கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழியைக் கழி என்றே சுருக்கமாக வழங்குவர். உள்ளூர் மக்கள் ஆற்றின் வாயை முகத்துவாரம் என்கின்றனர். தென்கரையில் உள்ள முகத்துவாரக் குப்பம் என்ற மீனவ ஊரின் பெயர் இதிலிருந்து வந்ததாகும். கொசத்தலை ஆறு குசத்தலை ஆறு, கொற்றலை ஆறு ஆகிய பெயர்களாலும் அழைக்கப்படுகிறது.

அமைவிடமும் நீரியலும்

கொசத்தலை ஆறு சென்னைப் பகுதியின் மூன்று ஆறுகளுள் நீளமானது. கூவம், அடையாறு ஆகிய மற்ற இரண்டைக் காட்டிலும் இது மிகுதியான வெள்ளநீரைச் சுமக்க வல்லது. இதன் குறுக்கே 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும். பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கத்திலும், மீஞ்சூருக்கு அருகில் வல்லூரிலும் அணைக்கட்டுகள் உள்ளன. வல்லூர் அணைக்கட்டைத் தாண்டிய பின் ஆறு கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட கழியாக மாறுகிறது.

கழிமுகத்துக்கும் கடலுக்கும் இடையே காட்டுப்பள்ளி மணல்தீவு நீண்டு கிடக்கிறது. கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய் கழிமுகத்தை ஊடறுத்து, வடக்கே பழவேற்காடு ஏரியையும் தெற்கே சென்னை நகரையும் இணைக்கிறது. இக்கால்வாயின் முதற்பகுதி 1806 இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டதாகும். ஆகவே எண்ணூர் கழிமுகம் தனித்த நீர்நிலை அன்று. பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை தொடரும் ஒரே கழி அமைப்பின் தென்முனையாக இதனைக் கொள்ளலாம்.

நாள்தோறும் இருமுறை கடல்நீர் கழிக்குள் ஏறி, சேற்றுவெளிகளில் பரவி, மீண்டும் வடிகிறது. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் எதிர்த்திசையில் வந்து கழியை நன்னீராக்குகிறது. இவ்விரண்டும் தடையின்றி நிகழ்வதற்குக் கழியின் ஆழம் மட்டுமன்றி அதன் இருபுறமும் உள்ள தாழ்நிலமும் இன்றியமையாதது. கோடையில் வறண்டு வெண்ணிறமாகக் காட்சியளிக்கும் இந்நிலம் வடகிழக்குப் பருவமழையின்போது நீருக்கு அடியில் இருக்கும். கோடையில் மட்டும் பார்ப்பவருக்கு இது பயனற்ற தரிசாகத் தோன்றுவதற்கு இதுவே காரணமாகும்.

உயிரினங்கள்

கழியின் ஓரங்களில் அலையாத்தி என்னும் கண்டல் மரமும், உவர்நிலத்தில் உமிரி முதலிய செடிகளும் வளர்கின்றன. கண்டல் வேர்களுக்கு இடையில் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்ந்து பின்னர் கடலுக்குச் செல்கின்றன. மடவை, கொடுவா முதலிய மீன்களும், இறால், கழி நண்டு, ஆளி ஆகியவையும் இங்குக் கிடைப்பவை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, உள்ளான், ஆலா முதலிய பறவைகளைக் காணலாம். பழவேற்காட்டுக்கு வரும் வலசைப் பறவைகள் பலவும் இக்கழியின் சேற்றுவெளிகளில் இரை தேடுகின்றன.

அண்மைக் காலத்தில் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒருவகை அயல் சிப்பி இங்குப் பரவியுள்ளது. மீனவர்கள் இதனைக் காக்கா ஆழி என்கின்றனர். இது கழியின் அடித்தரையைப் பாய்போல மூடிவிடுவதால் இறால் புதைந்து வாழும் சேறு மறைந்துவிடுகிறது. கையால் தடவி இறால் பிடிப்போரின் கைகால்களையும் இச்சிப்பியின் ஓடு கிழித்துவிடுகிறது. கப்பல்களின் நிலைப்பு நீர் வழியாக இது வந்து சேர்ந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

மக்களும் தொழிலும்

காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படைக் குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் கழிமுகத்தைச் சார்ந்துள்ளன. கடல் சீற்றமாக இருக்கும் மாதங்களில் கடலோடிகளும் கழியில் வலை வீசுவர். படகும் வலையும் இல்லாத இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக் கழுத்தில் தொங்கும் கூடையில் சேர்க்கின்றனர். இத்தொழிலில் பெண்களின் பங்கு பெரிதாகும். இவர்களுக்குக் கழியே வயல் எனலாம்.

அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் உப்பளத் தொழிலும் நெடுங்காலம் நடந்து வந்தது. உப்பளம் மழைக்காலத்தில் வெள்ளம் தங்கும் இடமாகவும், கோடையில் உப்பு விளையும் இடமாகவும் இருந்ததால் கழியின் இயல்பு பெரிதும் மாறாமல் இருந்தது. பிற்காலத்தில் உப்பளங்கள் பல மண் கொட்டி உயர்த்தப்பட்டுத் தொழில் வளாகங்களாயின.

புறம்போக்கு நிலம்

கழிமுகத்தின் பெரும்பகுதி வருவாய்த்துறை ஆவணங்களில் புறம்போக்கு என்ற வகையைச் சேர்ந்தது. வரி விதிப்புக்கு உட்பட்ட பட்டா நிலங்களுக்குப் புறமாக, ஊருக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்ட நீர்நிலை, மேய்ச்சல் வெளி, வழித்தடம், இடுகாடு முதலியவற்றைக் குறிக்கும் சொல் இதுவாகும். தனியொருவருக்கு உரிமையில்லாத நிலம் என்பதே இதன் பொருள். காலப்போக்கில் ஒருவருக்கும் உதவாத நிலம் என்ற பொருள் இதற்கு ஏற்பட்டது. பேச்சு வழக்கில் இது வசைச் சொல்லாகவும் ஆனது.

இப்பொருள் மாற்றம் எண்ணூரின் வரலாற்றில் நேரடியான விளைவை உண்டாக்கியது. தொழிற்சாலைக்கு இடம் தேடும்போது வேளாண் நிலத்தைக் கையகப்படுத்துவதற்கு இழப்பீடு, எதிர்ப்பு, வழக்கு ஆகியவற்றைக் கடக்க வேண்டியிருந்தது. கழிவெளிக்கு அத்தகைய உரிமையாளர் எவரும் இல்லை. அங்கு மீன்பிடித்தவர்களிடம் பட்டா இல்லாததால் அவர்கள் நிலமிழந்தோராகக் கணக்கிடப்படவில்லை. 2017 சனவரியில் கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடி வெளியான 'சென்னை புறம்போக்கு பாடல்' என்னும் காணொளி எண்ணூர் கழிமுகத்தில் படமாக்கப்பட்டது. அச்சொல்லின் பழைய பொருளைப் பலருக்கும் நினைவூட்டியது இக்காணொளி.

தொழில்மயமாக்கம்

விடுதலைக்குப் பின் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதி சென்னையின் முதன்மைத் தொழில் வட்டாரமாக வளர்ந்தது. கழிமுகத்தை ஒட்டி அமைந்த முதன்மையான திட்டங்கள் பின்வருமாறு:

* எண்ணூர் அனல்மின் நிலையம்: 1970 இல் இயங்கத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் கொண்ட இந்நிலையம் 2017 இல் மூடப்பட்டது.
* வடசென்னை அனல்மின் நிலையம்: 1990களின் நடுப்பகுதியில் 630 மெகாவாட் திறனுடன் தொடங்கப்பட்டது. பின்னர் தலா 600 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகள் சேர்க்கப்பட்டன.
* எண்ணூர்த் துறைமுகம்: 2001 இல் திறக்கப்பட்டது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவது இதன் தொடக்க நோக்கமாகும். 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது.
* வல்லூர் அனல்மின் நிலையம்: தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் இணைந்து அமைத்தது. திறன் 1,500 மெகாவாட்.
* காட்டுப்பள்ளித் துறைமுகம்: 2010களின் தொடக்கத்தில் கப்பல் கட்டும் தளத்துடன் அமைந்தது. 2018 இல் அதானி குழுமத்தின் வசமானது.

இவை மாநிலத்தின் மின்தேவைக்கும் ஏற்றுமதிக்கும் வேலைவாய்ப்புக்கும் பெரும்பங்கு அளித்துள்ளன. அதே வேளையில் இவற்றுக்கான சாலைகள், பாலங்கள், நிலக்கரி நகர்த்திகள், சாம்பல் குழாய்கள், மின்கோபுரங்கள் ஆகியவை கழியின் குறுக்கே அமைக்கப்பட்டன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் நீருடன் கலந்து குழாய்வழி செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படுகிறது. குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால் பல ஆண்டுகளாகச் சாம்பல் ஆற்றில் படிந்து, ஆளாழமாக இருந்த இடங்கள் முழங்காலளவு ஆகிவிட்டதாக மீனவர்கள் கூறுகின்றனர்.

சட்டப் பாதுகாப்பு

இந்திய அரசு 1991 பிப்ரவரியில், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 இன் கீழ் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. இதன்படி கண்டல் காடுகள், கடலேற்ற நீர் பரவும் இடங்கள் ஆகியவை முதல் வகை மண்டலமாகும். அங்குப் பெரும்பாலான கட்டுமானங்களுக்குத் தடை உண்டு. தமிழ்நாட்டின் கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கு நடுவண் அரசு 1996 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. எண்ணூர் கழிமுகத்தின் 6,469 ஏக்கர் பரப்பு வரையறுக்கப்பட்டது இத்திட்டத்தின் வரைபடத்திலாகும்.

இவ்வரைபடம் நெடுங்காலம் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற ஆவணங்களைக் கொண்டு, ஒரே கழிமுகத்துக்கு இருவேறு வரைபடங்கள் புழக்கத்தில் இருப்பதைச் சூழலியல் ஆர்வலர்கள் 2017 இல் சுட்டிக்காட்டினர். ஒன்று 1996 இல் ஒப்புதல் பெற்றது. அதற்குப் பிந்தைய மற்றொன்றில் கழிமுகத்தின் பெரும்பகுதி நீர்ப்பரப்பாகவே காட்டப்படவில்லை என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டாகும். ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட ஈரநிலம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது என்றும் அவர்கள் கூறினர். வரைபடத்தில் கழி இல்லையெனில், அங்கு மண் கொட்டுவது விதிமீறலாகக் கருதப்படாது. எனவே எந்த வரைபடம் செல்லும் என்பதே முதன்மையான வினாவாயிற்று.

சாம்பல் மாசு குறித்த வழக்குகளில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வல்லுநர் குழுவை அமைத்து ஆய்வு செய்தது. 2022 சூலையில் அளித்த தீர்ப்பில், படிந்த சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை மின் உற்பத்திக் கழகத்தின் மீது சுமத்தியது.

மாசு நிகழ்வுகள்

2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய் எண்ணூர் முதல் தெற்கே நெடுந்தூரம் கரையில் படிந்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் கொணர்ந்த பெருமழையின்போது, மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளநீருடன் வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தை அடைந்தது. படகுகள், வலைகள், கண்டல் மரங்கள், வீட்டுச் சுவர்கள் ஆகியவற்றில் எண்ணெய் படிந்தது. சிறகுகளில் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்கள் பறக்க இயலாமல் தவித்தன. எண்ணெயை அள்ளும் பணியில் மீனவர்களே பெருமளவில் ஈடுபட்டனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

நிலத்தை வெறுமையாக வைத்திருப்பதன் பயன்கள்

வெள்ள வடிகால்: பூண்டி, சோழவரம், புழல் நீர்த்தேக்கங்களின் உபரிநீர் இறுதியில் இக்கழியை அடைகிறது. முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் வெள்ளம் உடனடியாகக் கடலில் கலக்க இயலாது. கடல் வற்றும் வரை அது பரவி நிற்பதற்கு இடம் தேவை. அவ்விடத்தை நிரப்பினால் நீரின் அளவு குறைவதில்லை. அது மணலி, சடையன்குப்பம் முதலிய தாழ்வான குடியிருப்புகளில் சென்று நிற்கும்.

நிலத்தடி நீர்: மீஞ்சூர்ப் பகுதியின் ஆற்றுப்படிவுகளில் இருந்து சென்னையின் தேவைக்காக 1960களின் இறுதி முதல் பெருமளவில் நீர் இறைக்கப்பட்டது. அதன் விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்நோக்கி ஊடுருவி, வயல்களும் கிணறுகளும் உவர்ப்படைந்தன. நிலநீரியல் பாடங்களில் கடல்நீர் ஊடுருவலுக்கு மீஞ்சூர் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 2010 இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் நிலையம் திறக்கப்பட்டது. மண்ணுக்கு அடியில் இருந்த நன்னீரை இழந்த வட்டாரத்திலேயே, மின்னாற்றலைச் செலவிட்டுக் கடல்நீரைச் சுத்திகரிக்க நேர்ந்தது குறிப்பிடத்தக்கது. மழைநீர் பரவித் தங்கும் நிலங்கள் குறையக் குறைய, உவர்நீரை எதிர்த்து நிற்கும் நன்னீரும் குறைகிறது.

கடற்கரைக் காப்பு: கண்டல் காடும் காட்டுப்பள்ளி மணல்தீவும் புயல் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன.

பொழுதுபோக்கு: 19 ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் படகுச் சவாரிக்கும் ஓய்வுக்கும் எண்ணூருக்கு வந்து தங்கினர். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலுடன் வருவோரையும், பறவை நோக்கர்களையும் பாலங்களின் மீது காணலாம். எனினும் நடைபாதை, நிழல், படகுத்துறை போன்ற வசதிகள் மிகக் குறைவு. மக்கள்தொகை மிகுந்த வடசென்னையில் இத்தகைய திறந்தவெளி வேறெங்கும் இவ்வளவு பரப்பில் இல்லை.

பிற இடங்களுடன் ஒப்பீடு

சென்னையிலேயே இத்தகைய நிலங்கள் இருவேறு முறைகளில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

தென்சென்னையில் அடையாறு முகத்துவாரத்தின் உப்பங்கழியை ஒட்டி, கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுவந்த 58 ஏக்கர் நிலம் பூங்காவாக மீட்கப்பட்டது. இதற்கென 2006 இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை அமைக்கப்பட்டது. கழிவுகள் அகற்றப்பட்டு, கழியின் நீரோட்டம் சீராக்கப்பட்டு, கண்டலும் உள்நாட்டு மரங்களும் நடப்பட்டன. 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் இது திறக்கப்பட்டது. அலங்காரப் பூங்காவாக அன்றி, மாணவர்கள் ஈரநிலத்தைக் கற்கும் இடமாக இது வடிவமைக்கப்பட்டது. உயிரினங்களுக்கு இடையூறு நேராதிருக்கப் பார்வையாளர் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. பொது நிலத்தில் அமைந்த பூங்காவுக்குள் பொதுமக்கள் எளிதில் நுழைய முடியவில்லை என்ற குறையும் இதனால் எழுந்தது.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007 இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் வந்தது. 2022 இல் 1,247.5 எக்டேர் பரப்பு ராம்சார் தளமாக ஏற்கப்பட்டது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் புகலிடமாக உள்ளது.

இவ்விடங்களில் நிலத்துக்குப் பொறுப்பான ஓர் அமைப்பும், தரையில் குறிக்கப்பட்ட எல்லையும் ஏற்பட்டன. எண்ணூரில் 1996 வரைபடம் தடையை மட்டும் விதித்தது. அத்தடையைக் காவல் செய்யத் தனி அமைப்பையோ, எல்லைக் கற்களையோ அது தரவில்லை. அடையாற்றுப் பூங்காவைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட நிலம், உரிமை கோரும் துறை இல்லாமல் இருந்தது.

பாதுகாப்புக் கோரிக்கைகளும் கருத்து வேறுபாடுகளும்

மீனவர் சங்கங்களும் சூழலியல் அமைப்புகளும் முன்வைக்கும் கோரிக்கைகளில், 1996 வரைபடத்தின் எல்லையைத் தரையில் அளந்து கல் நடுதல், எஞ்சிய கழிவெளியை ஈரநிலமாக அறிவித்தல், சாம்பலை அகற்றி ஆற்றை ஆழப்படுத்துதல், கண்டல் காட்டை மீட்டெடுத்தல் ஆகியவை முதன்மையானவை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரில் இருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கும் இவ்வமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அத்திட்டத்துக்காக 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

துறைமுகமும் மின்நிலையமும் கடற்கரையில்தான் அமைய முடியும் என்பதும், ஏற்கெனவே தொழில்மயமான வட்டாரத்தில் விரிவாக்குவது புதிய இடத்தைக் கெடுப்பதைவிட மேலானது என்பதும் எதிர்த்தரப்பின் வாதங்களாகும். வட்டார இளைஞர்களில் பலர் இத்தொழிற்சாலைகளில் ஒப்பந்தப் பணியாளர்களாக உள்ளனர் என்பதும் கருதத்தக்கது. ஏற்கெனவே ஏற்பட்ட சுமையைக் காரணம் காட்டி மேலும் சுமை ஏற்றுவது முறையன்று எனப் பாதுகாப்பை வலியுறுத்துவோர் இதற்கு விடை கூறுகின்றனர்.

பாதுகாப்பின் வடிவம் குறித்தும் ஒருமித்த கருத்து இல்லை. வேலியிட்ட பூங்காவாகவோ புகலிடமாகவோ ஆக்கினால் இறால் பிடிப்போரும் வலை வீசுவோரும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் மீனவர்களிடம் உள்ளது. பழவேற்காட்டில் மீனவர் தமக்குள் முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை நெடுங்காலமாக உள்ளது. அதுபோன்ற உள்ளூர் ஏற்பாடுகளை மதித்து, தொழில் செய்வோரின் உரிமையையும் பார்வையாளரின் நடமாட்டத்தையும் ஒருங்கே இடம்பெறச் செய்யும் திட்டமே எண்ணூருக்குப் பொருந்தும் என்பது அவர்கள் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

* மீஞ்சூர்
* கொசத்தலை ஆறு
* பழவேற்காடு ஏரி
* பக்கிங்காம் கால்வாய்
* தொல்காப்பியப் பூங்கா
* பள்ளிக்கரணை சதுப்புநிலம்
* கண்டல் காடுகள்